டெஸ்ட் டிரைவில் ஒரு கார், டெலிவரியில் வேறு கார்: வேரியன்ட் தேர்வில் நாம் சறுக்கும் இடங்கள்

என் சித்தப்பா தர்மபுரியில் செடான் வாங்கியபோது ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது டாப் வேரியன்ட், அதாவது அதே காரின் எல்லா வசதியும் உள்ள பதிப்பு. பட்ஜெட் இடித்ததால் புக் செய்தது அதற்கு ஒரு படி கீழே. "எஞ்சின் ஒண்ணுதான் சார், ரெண்டு மூணு ஐட்டம் மட்டும் இருக்காது" என்றார் சேல்ஸ்மேன். வண்டி வந்து பத்து நாள் கழித்து, ராத்திரி பத்து மணிக்குச் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, லைட் போட்டிருக்கேனா இல்லையா?" போட்டுத்தான் இருந்தார். அந்த 'ரெண்டு மூணு ஐட்ட'த்தில் ஒன்று எல்இடி ஹெட்லைட். அவருக்கு வந்தது மங்கலான ஹாலஜன்.

முதல் தவறு இதுதான். பெரும்பாலும் டெஸ்ட் டிரைவுக்கு நிறுத்தி வைத்திருப்பது மேல் மாடல். அதன் சீட், அதன் டயர், அதன் ஸ்பீக்கர் எல்லாம் மனதில் ஏறிவிடும். நாம் வாங்கும் வேரியன்ட் ஷோரூமில் இல்லையென்றால் ஸ்டாக் யார்டில் இருக்கும், இல்லாவிட்டால் அன்றைக்கு டெலிவரிக்கு நிற்கும் வேறு யாரோ ஒருவரின் வண்டியாகவாவது இருக்கும். அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள். பகல் வெளிச்சத்தில் எல்லா ஹெட்லைட்டும் நல்ல ஹெட்லைட்தான்.

அடுத்தது, நம் ஊரில் அதிகம் பேர் பணத்தை விடும் இடம். இரண்டு வேரியன்ட்டுக்கும் ஆயுட்கால வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "முப்பதாயிரம்தானே வித்தியாசம், மேல போயிடலாம்" என்பது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய ஆயுட்கால வரிப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,85,000 ரூபாய் வேரியன்ட்டுக்கு வரி 1,28,050. 10,15,000 ரூபாய் வேரியன்ட்டுக்கு 1,82,700. முப்பதாயிரம் ஏறப்போய் வரியிலேயே 54,650 கூடுகிறது. இதோடு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடிப்பார், இந்தக் கணக்கில் 10,150. ஆக, கையிலிருந்து போவது முப்பதல்ல, கிட்டத்தட்ட 95 ஆயிரம். இன்சூரன்ஸ் ஏறுவது தனி.

டிசிஎஸ் பணம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழியும் அல்லது திரும்பி வரும். ஆனால் மாந்தோப்பு வருமானத்தில் கார் வாங்குகிற காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகளில் எத்தனை பேர் ரிட்டர்ன் போடுகிறார்கள்? போடாதவருக்கு அது போன பணம்தான்.

4 மீட்டருக்குள் அடங்கும் டிசையர், அமேஸ் போன்ற வண்டிகளில் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். மேல் வேரியன்ட்டின் ஆட்டோமேட்டிக் பதிப்பு அந்த 10 லட்சக் கோட்டை ஒட்டி நிற்கும்போது ஒரு விலையேற்றமே அதைத் தாண்ட வைத்துவிடும். சிட்டி, வெர்னா, விர்ட்டஸ் என்று பெரிய செடான் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டவர்கள். அவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எப்படியிருந்தாலும் இரண்டு வேரியன்ட்டுக்கும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு கொட்டேஷனைத் தனித்தனித் தாளில், ஒவ்வொரு செலவாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஏதாவது எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

"பெங்களூரில் எடுத்தால் குறையும்" என்பார்கள் ஓசூர் பக்கம். டிஸ்கவுன்ட் கூடுதலாகக் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வண்டி டிஎன் 29, 24, 70 என்று எந்த நம்பரில் நிற்கப்போகிறதோ, வரி இந்த ஊர் வரிதான்.

இஎம்ஐ பேச்சு வந்தால் காதைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளலாம். "மாசம் ஆயிரத்து அறுநூறு கூடுது, ஒரு தடவை ஓட்டலுக்குப் போற செலவு சார்." ஒரு லட்சம் கூடுதல் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதம் சுமார் 1,609 வரும். மொத்தம் 1,35,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த ஏழு வருடத்தில் டச் ஸ்கிரீன் பழசாகிவிடும். விற்கும்போதும் பழைய வண்டி புரோக்கர் முதலில் பார்ப்பது வருடமும் கிலோமீட்டரும்தான். சன்ரூஃபுக்குக் கொடுத்த காசை அவர் அப்படியே திருப்பித் தரமாட்டார்.

சன்ரூஃப் என்றதும் ஒன்று. மே மாத வெயிலில் அரூரிலோ ஊத்தங்கரையிலோ அதைத் திறந்து வைத்து ஓட்டிய யாரையும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தலையை வெளியே நீட்ட மட்டும் பயன்படுகிறது, அது ஆபத்து. இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதற்காக ஒரு படி ஏறாதீர்கள்.

வசதிகளை எண்ணிக்கையாகப் பார்ப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர். "இதில் 22 ஐட்டம் கூட இருக்கு" என்றால் அந்த 22ஐயும் இரண்டு கூறாக்குங்கள். வாங்கிய பிறகு மாட்டக்கூடியவை ஒரு பக்கம்: ரிவர்ஸ் கேமரா, மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல். பிறகு மாட்ட முடியாதவை அல்லது எளிதில் மாட்ட முடியாதவை இன்னொரு பக்கம்: ஏர்பேக், வண்டி வழுக்கினால் தடம் மாறாமல் பிடிக்கும் இஎஸ்சி, பின் சீட் ஏசி வென்ட், ஏற்றி இறக்கும் டிரைவர் சீட், பின்னால் உட்காருபவர்களுக்கான ஹெட்ரெஸ்ட். படி ஏறுவதென்றால் இரண்டாம் பக்கத்துக்காக ஏறுங்கள். எங்கள் வீட்டில் அக்காவும் சித்தப்பாவின் அந்தக் காரை ஓட்டுகிறார், உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். சீட்டை உயர்த்தும் வசதி இல்லாத வேரியன்ட்டில் தலையணை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம் அவரை உட்கார வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெளிக்கடையில் மாட்டும்போதும் ஒரு எச்சரிக்கை. வயரை வெட்டி ஒட்டினால் மின்சாரப் பகுதிக்கான வாரன்டியில் கைவிரிக்க அது போதும். வயரை வெட்டாமல், செருகும் கப்ளர் வைத்து மாட்டும் கடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ் மாடல் என்றால் தகர டப்பா என்று ஒதுக்குவதும் தவறுதான். அந்தக் காலம் போய்விட்டது. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரில் அடி வேரியன்ட்டிலிருந்தே ஆறு ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம். மாதத்துக்கு இரண்டு முறை பாலக்கோடு போய் வருகிற குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் பல கம்பெனிகளில் பேஸில் கிடைக்காது. அதனால் கியரை முதலில் முடிவு செய்யுங்கள், வேரியன்ட் பட்டியல் தானாகச் சுருங்கும். ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் எடுத்தால் தொப்பூர் இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி, கீழ் கியரிலேயே இறங்கிப் பழகுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் ரோடு அல்ல அது. சிஎன்ஜி வேரியன்ட் என்றால் டிக்கியைத் திறந்து சிலிண்டரைப் பார்த்துவிட்டு, திருப்பதி போகும் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் புக்கிங் ரசீது. "நீங்க கேட்டது மூணு மாசம் ஆகும், மேல் வேரியன்ட் நாளைக்கே தர்றேன்" என்பது யார்டில் தேங்கிய வண்டியைத் தள்ளும் பேச்சாகவும் இருக்கலாம். தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ரசீதில் வேரியன்ட்டின் முழுப் பெயர், கியர், நிறம், தயாரிப்பு வருடம் நான்கையும் எழுத வையுங்கள். சித்தப்பாவின் ரசீதில் வண்டிப் பெயரும், வெள்ளை என்ற நிறமும் மட்டும்தான் இருந்தன.