வியப்பும் வினாவும் சேர்ந்த தொனியை எழுத்தில் காட்ட: ‽, ⸮ குறிகளை இடும் முறை

முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவரின் நேர்காணலை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியபோது, ஒரே ஒரு சொல்லில் அரை நாள் நின்றுவிட்டேன். அச்சகத்தை விற்றுவிட்டதைச் சொன்னதும் அவருடைய அக்காள் கேட்டது: “வித்துட்டே”. வினாக்குறி இட்டால் அவர் செய்தி விசாரிப்பதுபோல் ஆனது. உணர்ச்சிக்குறி இட்டால் அவரே செய்தி அறிவிப்பதுபோல் ஆனது. ஒலிப்பதிவில் இருந்ததோ திகைப்பும் கேள்வியும் பிரிக்க முடியாமல் கலந்த குரல். அதற்குப் பொருந்திய குறி ‽.

1962இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்திவந்த மார்ட்டின் ஸ்பெக்டர் முன்மொழிந்த இக்குறிக்கு இன்டரோபாங் என்று பெயர். இலத்தீன் மொழியில் வினாவைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதியும், உணர்ச்சிக்குறிக்கு அச்சுத் தொழிலாளர் வழங்கிய ‘பாங்’ என்ற சொல்லும் சேர்ந்தது அது. 1966இல் வெளிவந்த அமெரிக்கானா எழுத்துருவில் இடம்பெற்றது. 1968இல் ரெமிங்டன் தட்டச்சுப் பொறிகளுக்கும் வந்தது. தமிழில் இதை வியப்புவினாக்குறி என்று எழுதிவருகிறேன்.

படி 1: குறி தேவையா என்று பாருங்கள். தமிழில் தொனியின் பெரும்பகுதி சொல்லின் ஈற்றிலேயே இருக்கிறது. “விற்றேவிட்டாயா?” என்ற தொடரில் ஏகாரம் அழுத்தத்தையும் ஆகாரம் வினாவையும் தந்துவிடுகின்றன, அங்கே ‽ மிகை. “வித்துட்டே‽” என்பதில் வினா எழுத்து எதுவும் இல்லை, குரலின் ஏற்றம் மட்டுமே வினாவாகிறது என்பதால் அங்கே குறி அவசியமாகிறது. உரையாடலுக்கு வெளியே, கட்டுரை நடையில், நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

படி 2: தட்டச்சு செய்யுங்கள். வேர்டில் நம்லாக் இயக்கத்தில் இருக்கும்போது, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண்விசைகளில் 8253 அடித்தால் ‽ வரும். இதையே பழைய நோட்பேடில் செய்தால் = வரும்; 8253ஐ 256ஆல் வகுத்து மீதியான 61ஐ மட்டும் அது எடுத்துக்கொள்கிறது, 61 என்பது சமக்குறியின் எண். வலைப்பதிவில் ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கத்தின் மூலக்குறி) பார்வைக்கு மாறி ‽ என எழுதுவதே எனக்குப் பிடித்த வழி, ஏனெனில் எந்தக் கணினியிலும் அது மாறாது. குறிக்கு முன் இடைவெளி விடாதீர்கள். விட்டால் குறி மட்டும் அடுத்த வரிக்குப் போய் நிற்கும்.

படி 3: திருப்பிய வினாக்குறி. என்னை மிகவும் அலைக்கழித்த படி இதுதான். நேர்காணலில் அப்பெரியவர், “அந்தக் காலத்துல கூலி யாரு கேட்டா” என்கிறார். யாரும் கேட்கவில்லை என்பதே பொருள். விடையை அவர் எதிர்பார்க்கவில்லை. இத்தகைய வினாவுக்கென்றே 1580களில் இலண்டன் அச்சாளர் ஹென்றி டென்ஹாம் வினாக்குறியை இடவலமாகத் திருப்பி ⸮ எனப் பயன்படுத்தினார்.

நான் இணையத்தில் கிடைத்த ஒரு குறியைப் படியெடுத்து ஒட்டினேன். பார்வைக்கு அதே வடிவம். ஆனால் அதை அடுத்து வந்த 1962 என்ற ஆண்டு குறிக்கு இடப்பக்கம் தாவி நின்றது. அழித்து எழுதினாலும் மீண்டும் தாவியது. எழுத்துருவை மாற்றினேன், கோப்பைப் புதிதாகத் தொடங்கினேன், பயனில்லை. ஒட்டியது அரபு வினாக்குறி என்பது பிறகுதான் புரிந்தது. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால், அக்குறி தன்னை ஒட்டிய எண்களையும் அதே திசைக்கு இழுத்துவிடுகிறது. டென்ஹாமின் குறிக்கு அப்படிச் சொந்தத் திசை இல்லை. சரிபார்க்க, வேர்டில் குறியை அடுத்துச் சுட்டியை வைத்து ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள்: குறியீட்டெண் 06 எனத் தொடங்கினால் அது அரபுக் குறி, 2 எனத் தொடங்கினால் நாம் தேடுவது. மீண்டும் அழுத்தினால் குறி திரும்பிவிடும். படியெடுப்பதைவிட ⸮ என எழுதுவதே பாதுகாப்பு.

படி 4: எழுத்துரு. குறிக்குப் பதில் கட்டம் தெரிந்தால், பயன்படுத்தும் எழுத்துருவில் அக்குறி இல்லை என்று பொருள். குறியை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ‽ குறிக்கு நான் காலிப்ரியை விரும்புகிறேன். தமிழ் எழுத்தின் உருண்டைக்குப் பக்கத்தில் உறுத்தாமல் நிற்கிறது.

?! போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதும், ஆனால் வரிசையில் கவனம் வேண்டும். சதுரங்கக் குறிப்பில் !? என்றால் கவனத்துக்குரிய நகர்வு, ?! என்றால் ஐயத்துக்குரிய நகர்வு. உரைநடையிலும் முதலில் நிற்கும் குறியின் தொனியே ஓங்கிக் கேட்கிறது என்பது என் அனுபவம். எதை முன்னிறுத்துவது என்று தீர்மானிக்க முடியாத இடத்துக்குத்தான் ‽. பிரெஞ்சு எழுத்தாளர் எர்வே பசான் 1966இல் அன்பு, ஐயம், உறுதி, அதிகாரம் முதலியவற்றுக்கு முன்வைத்த ஆறு குறிகளைப் பற்றியும் கேட்டார்கள். அவை யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீட்டில், இல்லாததால் படமாகத்தான் ஒட்ட வேண்டியிருக்கும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பில் குறிகள் காணாமல் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த அச்சகம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவுக்குக் கோப்பை மாற்றியிருக்கிறது. அத்தகைய எழுத்துருக்களில் 256 இடங்களே உண்டு, பெரும்பாலானவற்றைத் தமிழ் எழுத்துகளே எடுத்துக்கொள்ளும், ‽ குறிக்கு இடமே இல்லை. அனுப்பும் முன் குறி வரும் இடங்களில் ‘வியவினா’ என எழுதிவையுங்கள். மாற்றம் முடிந்தபின் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் அச்சொல்லைத் தேடி, காலிப்ரியில் உள்ள குறியால் மாற்றச் சொல்லுங்கள். பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகமானால் அதுவும் இயலாது, அங்கே ?! என்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.