ஒரு தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி: ஆண்டிப்பட்டியை வைத்துப் பார்ப்போம்

முதலில் தேர்தல் ஆணையத் தளத்தில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் இருக்கும் புள்ளிவிவர அறிக்கையை எடுத்து, ஆண்டு, வென்றவர், இரண்டாமிடம், வித்தியாசம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும், ஏனென்றால் அந்த அறிக்கைகளில் இடைத்தேர்தல் வராது. ஆண்டிப்பட்டியில் 2001-ல் வென்றவர் தங்க தமிழ்ச்செல்வன். அவர் ராஜினாமா செய்த இடத்தில்தான் 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா ஜெயித்து வந்தார். பொதுத்தேர்தல் பட்டியலில் இதைத் தேடினால் கிடைக்காது.

அப்புறம் ஆண்டிப்பட்டி அதிமுகவின் 'கோட்டை' என்ற பேச்சைச் சோதியுங்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே இங்கே வென்றார், சரி. ஆனால் 1989-லும் 1996-லும் திமுக வென்றிருக்கிறதே! 1989-ல் அதிமுக இரண்டாக உடைந்து நின்றது. அதனால் வென்றவரின் பெயரை மட்டும் பார்க்காமல் தோற்ற அணிகளின் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள்.

தொகுதி மறுவரையறைக்குப் பின் முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. அதற்கு முந்தைய ஓட்டு எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம், எல்லையே மாறியிருக்கலாம்.

கட்சியா ஆளா என்று தெரிய 2019 இடைத்தேர்தலைப் பாருங்கள்: திமுகவில் அண்ணன் மகாராஜன், அதிமுகவில் தம்பி லோகிராஜன். ஜெயித்தது அண்ணன், 2021-லும் அதே ஜோடி, அதே முடிவு. எந்த ஊர் யார் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க, வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு தரும் படிவம் 20-ஐ மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேடுங்கள்.