உருளைக்கிழங்கு இல்லாம மேஷ்: காலிஃப்ளவர்ல பண்றது எப்படி?

லோ கார்ப், அதாவது மாவுச்சத்து, சர்க்கரை மாதிரி கார்போஹைட்ரேட்டை (கார்ப்) குறைச்சு சாப்பிடற முறை, ஆரம்பிச்சவங்களுக்கு முதல்ல ஏங்க வைக்கறது சோறு, அடுத்தது உருளைக்கிழங்கு. சோத்துக்கு இன்னொரு நாள் வரேன், கிழங்குக்கு காலிஃப்ளவர் இருக்கு, அதை வேகவெச்சு வெண்ணெய் போட்டு மசிச்சா மேஷ் ரெடி. 100 கிராம் உருளைக்கிழங்குல கார்ப் சுமாரா 17 கிராம், காலிஃப்ளவர்ல 5 கிராம்தான், அதுலயும் 2 கிராம் நார்ச்சத்து. ஆனா நிறைய பேர் பண்ணி பாத்துட்டு கஞ்சி மாதிரி வந்துச்சுன்னு விட்டுடறாங்க. ஏன்னா இதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, கிழங்குல இருக்கற மாவுச்சத்தும் இல்ல, அதனால தண்ணியை பிடிச்சு வெக்க ஆளில்ல. அந்த தண்ணியை வெளிய எடுக்கறதுதான் இங்க மெயின் வேலை.

தேவையானது: மீடியம் சைஸ் காலிஃப்ளவர் 1 (சுத்தம் பண்ணப்புறம் அரை கிலோ வரும், ரெண்டு மூணு பேருக்கு போதும்), வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பால் ஏடு 2 ஸ்பூன், பூண்டு 5 பல், மிளகுத்தூள், உப்பு.

1. தள்ளுவண்டியோ கோயம்பேடோ எங்க வாங்கினாலும் பூ நெருக்கமா, கையில எடுத்தா கனமா இருக்கணும். கரும்புள்ளி விழுந்தது, பூ விரிஞ்சது வேணாம். குளிர் மாசத்துல நல்லா வரும், விலையும் குறையும்.

2. பூவா பிரிச்சு, கொதிக்க வெச்ச தண்ணில உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு அஞ்சு நிமிஷம் முக்கி எடுங்க, உள்ள புழு இருந்தா வெளிய வந்துடும். மஞ்சள் ஜாஸ்தி ஆச்சுன்னா மேஷ் கலர் மாறிடும், அதான் சிட்டிகைன்னு சொல்றேன். தண்டை தூக்கி போடாதீங்க, தோல் சீவி மெல்லிசா நறுக்கி சேத்துக்கலாம்.

3. இதை தண்ணில போட்டு வேகவெக்காதீங்க, ப்ளீஸ். இட்லி குண்டான்ல தட்டு மேல பரப்பி, பூண்டையும் கூடவே வெச்சு 12லருந்து 15 நிமிஷம் ஆவில வேகவிடுங்க. தண்டுல கத்தி முனை தடையில்லாம இறங்கணும். ரொம்ப வெந்தா ஒரு மாதிரி கந்தக வாடை வரும், அப்புறம் எவ்ளோ வெண்ணெய் போட்டாலும் போகாது.

4. இதுதான் முக்கியமான ஸ்டெப். வெந்ததை அடி கனமான வாணலில எண்ணெய் ஊத்தாம போட்டு, சின்ன தீயில மூணு நாலு நிமிஷம் கிளறுங்க, ஆவி குபுகுபுன்னு கிளம்பி கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். ஆறினதும் சுத்தமான இட்லி துணில மூட்டை கட்டி பிழியுங்க, முறுக்க முறுக்க தண்ணி வந்துட்டே இருக்கும், நிக்கற வரைக்கும் விடாதீங்க. பிழிஞ்ச தண்ணியை ரசத்துல ஊத்திக்கலாம்.

5. மிக்ஸில வெண்ணெய், ஏடு, உப்பு சேத்து விட்டு விட்டு ஓட்டுங்க. உருளைக்கிழங்கை மிக்ஸில போட்டா பசையா இழுக்கும், இதுல அந்த பயம் கிடையாது. கொஞ்சம் கொரகொரன்னு புடிக்கும்னா மத்தே போதும். ஸ்பூனால ஒரு கோடு போட்டு பாருங்க, கோடு அப்படியே நின்னா சரி, ஓரத்துல தண்ணி ஊறுதுன்னா திரும்ப வாணலிக்கே போகணும். கெட்டியாக்க கார்ன்ஃப்ளார் போடற ஆளுங்க இருக்காங்க, அப்புறம் எதுக்குங்க லோ கார்ப்?

மேல மிளகுத்தூள் தூவுங்க. நெய்ல கடுகு, கறிவேப்பிலை, காஞ்ச மிளகாய் தாளிச்சு கொட்டினா இன்னும் செம. பெப்பர் சிக்கன், முட்டை தொக்கு ரெண்டுக்கும் பக்காவா செட் ஆகும், சாம்பாருக்கு மட்டும் என்னமோ ஒட்டல.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சோறு, கிழங்கையெல்லாம் திடீர்னு நிறுத்தினா சுகர் லோ ஆகலாம், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். மறுபடி தண்ணி விட்டிருக்கும், அதை வடிச்சுட்டு ஒரு முட்டை உடைச்சு கலந்து தோசைக்கல்லுல சின்னச் சின்னதா தட்டி, மூடி போட்டு சுட்டு எடுங்க, அவசரப்பட்டு திருப்பினா மட்டும் உடையும்.