ஒளித்து வைக்கும் புத்தகங்களுக்கு ஒரு வழி

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், எங்கள் கிளை நூலகத்தில் பொது அறிவுப் புத்தகங்களும் பள்ளிப் பாடநூல்களும் மாயமாகிவிடும். யாரும் திருடுவதில்லை, நாளைக்கும் நமக்கே கிடைக்கட்டும் என்று சோதிடப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார்கள். பதிவேட்டில் இருக்கும், தட்டில் இருக்காது.

அறிவிப்பு எழுதி ஒட்டிப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. அப்புறம் தேர்வுப் புத்தகங்களை மட்டும் பிரித்து, முதுகில் சிவப்புத் தாள் ஒட்டி, என் மேசைக்குப் பின்னால் தனித் தட்டில் அடுக்கினேன். வீட்டுக்கு இரவல் கிடையாது, உறுப்பினர் அட்டையைக் கொடுத்துவிட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். கூடவே மறுநாளைக்குப் பெயர் எழுதி வைக்க ஒரு நோட்டு. அந்த நோட்டுதான் உண்மையான மருந்து, ஏனென்றால் ஒளித்து வைப்பதே நாளைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயத்தில்தானே?

மற்ற புத்தகங்களை, படித்ததும் மேசையிலேயே விட்டுவிடச் சொன்னேன். அடுக்குகிற வேலை கூடியது உண்மைதான், ஆனால் தப்பான தட்டில் போன புத்தகத்தைத் தேடுவதற்கு இது எவ்வளவோ தேவலை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லிவிட்டார், நூலகரின் நேரமும் இதில் மிச்சம்.

வெள்ளி நூலகத்துக்கு விடுமுறை என்பதால், சனிக்கிழமைக்குப் பெயர் எழுத வியாழன் மாலை நோட்டுக்குச் சண்டை வரும். ஆளுக்கு ஒரு புத்தகம்தான் என்றதும் அடங்கியது.