செனெகா ஏரிக்கரையில் ரீஸ்லிங் ருசிப்பது எப்படி?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் ஒயின் ருசிக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஒரு நாளைக்கு ஒரு ஏரி போதும். மொத்தம் பதினொன்று இருக்கின்றன. முதல் தடவை என்றால் செனெகாவுக்குப் போங்கள். அங்கே ருசிக்க வேண்டியது ரீஸ்லிங்; ஒரு வெள்ளைத் திராட்சை ரகம், அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்.

ஒயினரிக்குள் நுழையும் முன் தண்ணீரைப் பாருங்கள். பனியாறுகள் குடைந்த இந்த ஏரியின் ஆழம் 600 அடிக்கு மேல். அதனால் கடுங்குளிரிலும் முழுசாக உறைவது அபூர்வம். கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு விடும். வசந்தத்தில் நேர்மாறாகச் சில்லென்று இருந்து, மொட்டு அவசரப்பட்டு விரிந்து பனியில் கருகாமல் காக்கும். கரையோரச் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் நெருங்கி நிற்பது இதனால்தான்.

ஐரோப்பியக் கொடி இந்தக் குளிரைத் தாங்காது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். கான்கார்ட், கட்டாபா போன்ற அமெரிக்கத் திராட்சை ரகங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். உக்ரைனிலிருந்து வந்த டாக்டர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க், சரியான வேரில் ஒட்டுக்கட்டினால் பிழைக்கும் என்று காட்டி, 1962-ல் பக்கத்துக் கியூகா ஏரிக்கரையில் சொந்த ஒயினரி தொடங்கினார்.

அந்த ஒட்டு இன்றைக்கும் கைக்குழந்தை மாதிரிதான். ஒரு நவம்பரில் போனபோது, வரிசை நெடுகக் கொடிகளின் அடியில் மண் அணைத்திருந்தார்கள். ஒட்டுக்கட்டிய கணு உறைந்து செத்துவிடாமல் இருக்கத்தான். குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மண்ணோடு சாம்பல் நிறச் சில்லுக் கற்கள். விரலால் அழுத்தினால் தகடு தகடாகப் பிரிந்தன. வசந்தம் வந்ததும் அணைத்த மண்ணையெல்லாம் திரும்ப இழுத்துவிட வேண்டும். அதைப் பார்த்த பிறகு, ஒரு புட்டி விலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மேற்குக் கரையில் 14-ஆம் நெடுஞ்சாலை, கிழக்கே 414. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று இடங்கள் மட்டும் போங்கள்; அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும். 21 வயதுக்கான அத்தாட்சி கையில் இருக்கட்டும். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம்.

இனிப்பில்லாத ரீஸ்லிங்கிலிருந்து தொடங்கி, கடைசியில் தாமதமாகப் பறித்த பழத்தின் இனிப்பு ஒயினுக்கு வாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் முதல் வகை வெறும் புளிப்பாகத் தெரியும். பல புட்டிகளின் பின்பக்க லேபிளில் இனிப்பு எவ்வளவு என்று ஒரு கோட்டில் குறித்திருப்பார்கள். ரொம்பச் சில்லென்று ஊற்றினால் வாசனை எழும்பாது. கோப்பையை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் ஏந்திக்கொள்ளுங்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை வரும். விழுங்கியதும் கடைவாயில் எச்சில் ஊறும். குளிர் தேசத்துப் பழத்தின் புளிப்பு அது. அரை இனிப்பு வகையை வீட்டுக்கு வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்ட மீன் வறுவலோடு குடித்துப் பாருங்கள். எனக்கு அதற்கு இணை வேறில்லை.

முடிந்தால் அக்டோபரில், அறுவடை சமயத்தில், வார நாளில் போங்கள். கூட்டம் குறைவாக இருந்தால், ஊற்றித் தருகிறவரிடம் இந்தப் பழம் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். எனக்கு ஒருவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, அந்த வரிசையையே காட்டினார்.