ஹார்மோன் பரிசோதனைக்கு எந்த நாளில் ரத்தம் கொடுப்பது?

மாதவிடாய்ச் சுழற்சியின் நாட்களை எண்ணத் தொடங்கும் இடத்திலேயே பலருக்கும் கணக்கு பிசகுகிறது. உள்ளாடையில் லேசாகக் கறை படுவதை எண்ணாதீர்கள். நாப்கின் வைக்கும் அளவுக்கு உதிரம் வரும் நாள்தான் 1-ஆம் நாள்.

எஃப்.எஸ்.ஹெச். (கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்), எல்.ஹெச். (கருமுட்டையை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ராடியோல் (சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன்) மூன்றுக்கும் 2 முதல் 4-ஆம் நாளுக்குள் ரத்தம் கொடுங்கள். சினைப்பையின் ஹார்மோன்கள் அப்போது அடிமட்டத்தில் இருப்பதால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை எவ்வளவு முடுக்குகிறது என்பது கலப்பில்லாமல் தெரியும். எஃப்.எஸ்.ஹெச்சை மட்டும் தனியாகப் பார்ப்பது அரைகுறை வேலை. எஸ்ட்ராடியோல் ஏறியிருந்தால் அது எஃப்.எஸ்.ஹெச்சை அமுக்கிவிடும், சரியில்லாத அளவுகூட ரிப்போர்ட்டில் சரியாகத் தெரியும்.

பிறகு சினைப்பைக்குள் கருமுட்டை இருக்கும் சிறு பை வளர வளர எஸ்ட்ராடியோல் ஏறும். மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராம் அளவில் சுமார் இரண்டு நாள் நீடித்தால் எல்.ஹெச். திடீரென எகிறும்; அது எகிறத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நாளில் கருமுட்டை வெளியேறும். வீட்டில் சிறுநீர்ப் பட்டையால் இதைப் பிடிக்க, அடுத்த மாதவிடாய்க்கு 17 நாள் முன்பிருந்து தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அதற்கு முந்தைய 2 மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கு அடர்ந்தால்தான் பாசிட்டிவ். மங்கலான கோட்டுக்கு அர்த்தமில்லை. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்.ஹெச். எப்போதுமே உயர்ந்திருக்கக்கூடும் என்பதால் பட்டையை நம்பி நாள் குறிக்க முடியாது.

கருமுட்டை வெளியேறியபின் ஏறும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனில்தான் அதிகப் பணம் வீணாகிறது. சீட்டில் "21-ஆம் நாள்" என்று எழுதுவது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். சுழற்சி நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதியில். கருமுட்டை வெளியேறியபின் வரும் பகுதி ஏறக்குறைய 12–14 நாள். ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள்: எதிர்பார்க்கும் மாதவிடாய்க்கு 7 நாள் முன். 35 நாள் சுழற்சி என்றால் 28-ஆம் நாள். அவர் 21-ஆம் நாளில் கொடுத்தால் கருமுட்டை அப்போதுதான் வெளியேறியிருக்கும். அளவு தாழ்ந்து, வீண் பயம் மிஞ்சும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கருமுட்டை வெளியேறியதாகக் கொள்ளலாம். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, ஒரே நாளில் பலமடங்கு ஏறி இறங்கும். ஒரு தாழ்ந்த எண்ணை வைத்து மாத்திரை தொடங்க அவசரப்பட வேண்டாம்.

ஏ.எம்.ஹெச். (கருமுட்டை இருப்பைக் கணிக்க உதவுவது), தைராய்டு பரிசோதனைகளுக்கு நாள் கணக்கு இல்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினுக்கும் இல்லை; ஆனால் தூங்கி எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்துப் போங்கள், தூக்கத்தில் அது ஏறியிருக்கும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று லேபில் கேளுங்கள். சில கருவிகளில் அது அளவைத் திரித்துவிடும். கருத்தடை மாத்திரை எடுக்கும்போது பார்க்கும் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., புரோஜெஸ்டிரோன் அளவுகள் உங்கள் இயல்பான சுழற்சியைக் காட்டாது.

ரத்தம் கொடுக்கும்போது சுழற்சி நாளைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதவிடாய் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். புரோஜெஸ்டிரோனுக்கு ரத்தம் கொடுத்து இரண்டு வாரமாகியும் மாதவிடாய் வராமல், கர்ப்பமும் இல்லையென்றால், ரத்தம் எடுத்தது தவறான நாளில். அந்த ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு அடுத்த சுழற்சியில் மறுபடி பாருங்கள்.