இரைப்பைப் புற்றுநோய்: கீமோவையும் அறுவையையும் கோத்துச் செய்வது எப்படி?

"கட்டியை முதல்ல எடுத்துடுங்க டாக்டர், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டார் கேட்பது இயல்பு. ஆனால் தசையடுக்குக்கு இறங்கிய, அல்லது பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் போன, வேறு உறுப்புக்குப் பரவாத இரைப்பைப் புற்றுநோய்க்கு, உடம்பு தாங்குமென்றால், கீமோ, அறுவை, மறுபடி கீமோ என்பதே வரிசை. ஸ்கேனில் தெரியாத புற்று அணுக்கள் முன்பே கிளம்பியிருக்கலாம். அறுவைக்குப் பிறகோ உடம்பு நலிந்துவிடும். அறுவைக்கு முன் 4 சுற்று, பின் 4 சுற்று என்று ஃப்ளாட் (FLOT, நான்கு மருந்துகள் சேர்ந்த) கீமோ கொடுத்த ஜெர்மன் ஆய்விலேயே 8 சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஆகவே முன் 4 சுற்று கைநழுவக் கூடாது. கட்டியில் ரத்தம் நிற்காமல் கசிவது போன்ற நிலைகளில் வரிசை மாறலாம்.

தொடங்கும் முன் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) உண்டா என்று கேளுங்கள். வயிற்று உள்சவ்வில் கடுகளவு ஒட்டிய திட்டுகள் சிடி ஸ்கேனுக்குத் தப்பிவிடும். அவை இருந்தால் திட்டமே வேறு. சாப்பாடு இறங்காதவருக்கு அப்போதே சிறுகுடலில் உணவு செலுத்தும் குழாய் வைத்துவிட முடியும்.

ஃப்ளாட் 2 வாரத்துக்கு ஒரு முறை ஏறும். அதிலுள்ள ஆக்ஸாலிபிளாட்டினால் சில நாளுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும், டம்ளரைப் பிடித்த விரல் மின்சாரம் பட்டதுபோலச் சுரீரென்னும். பானைத் தண்ணீரும் வேண்டாம், வெதுவெதுப்பாகவே கொடுங்கள். மருந்து ஏறி ஒரு வாரம் கழித்துத்தான் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காலைவரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சைக்காகச் சென்னை அடையாறிலோ ராயப்பேட்டையிலோ அறை எடுத்துத் தங்குபவர்கள் தெர்மாமீட்டரும் அவசரப் பிரிவின் எண்ணும் கையில் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேதியும் சேர்ந்தால் ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், எழுதி வையுங்கள். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும்: 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 150 மில்லி பாலில் 5. வெறும் கஞ்சி போதாது.

முன் 4 சுற்றில் கடைசிச் சுற்றிலிருந்து அறுவைக்குச் சுமார் 4 வாரம். பலர் தவறுவது இங்கேதான். கட்டி சுருங்கிச் சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் "சரியாகிவிட்டது" என்று அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். தங்கிய அணுக்கள் மறுபடி வளரும். அடுத்த முறை எடுக்க முடியாமலே போகலாம். இந்த வாரங்கள் புகையை அடியோடு விடவும், தினம் நடக்கவும், மூன்று உருண்டைக் கருவியில் மூச்சிழுத்துப் பழகவும்தான்.

அறுவைக்குப் பின் பயாப்சி அறிக்கையில் எத்தனை நெறிக்கட்டி பரிசோதித்தார்கள் என்று பாருங்கள்; குறைந்தது 15, 16 இருக்க வேண்டும். மீதிக் கீமோ 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். அதற்குள் தேற, நாளுக்கு 6 முதல் 8 முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. தண்ணீர் அரை மணி நேரம் தள்ளி. பாயசம், சர்க்கரை அதிகமான டீ குடலுக்குள் வேகமாகப் பாய்ந்து, வியர்த்துப் படபடக்கும். இரைப்பை முழுதும் எடுத்தவருக்கு பி12 ஊசி ஆயுளுக்கும் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.